‘புரியல டீச்சர்’ என்று சொல்ல வைப்பது

திக்காமல் திணறாமல் ஒரு பக்கத்தை வாசித்து முடிக்கிற பிள்ளையிடம் “இதுல என்னப்பா சொல்லியிருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தைப் பார்க்கும், கூரையைப் பார்க்கும், பிறகு பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கும். நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிற யாருக்கும் இந்தப் பார்வை பழக்கம்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். 2022-இல் தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கவும் பழகிவிட்டோம். ஆனால் நன்றாக வாசித்தும் புரியாமல் இருக்கிற பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. அது சத்தமாக, அழகாக வாசிக்கிறதே!

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளின் வீடுகளில் பாதி காய்கறிச் சந்தையை நம்பி இருக்கும் வீடுகள். சுமை தூக்குகிறவர்கள், முருங்கை போடுகிறவர்கள், மண்டியில் கணக்கு எழுதுகிறவர்கள். வாசித்ததைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்று இந்தப் பிள்ளைகளோடு செய்து பார்த்தவற்றைத்தான் எழுதுகிறேன். சில எடுபட்டன, சில படவில்லை.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டம் ஒன்றில் கரும்பலகையில் இதை எழுதிப் போட்டேன்:

“ஒரு பிந்தலான் குழுப்பையில் தரளினான். அவனுக்குச் சிமிளம் பிடிக்காது. ஆகவே நடுவட்டையை லொபுக்கினான்.”

கீழே மூன்று கேள்விகள். பிந்தலான் எங்கே தரளினான்? அவனுக்கு எது பிடிக்காது? அவன் ஏன் நடுவட்டையை லொபுக்கினான்? வந்திருந்த ஆசிரியர்கள் மூன்றுக்கும் டக்கென்று விடை சொல்லிவிட்டார்கள். “சிமிளம் பிடிக்காததால் நடுவட்டையை லொபுக்கினான்” என்று முழு வாக்கியத்தில்! அதெல்லாம் முந்தின ராத்திரி நான் உட்கார்ந்து இட்டுக்கட்டிய சொற்கள். எதற்கும் பொருள் கிடையாது. கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு, அகப்பட்ட வரியை அப்படியே எடுத்து எழுது. இந்த வித்தையை நம் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குள் கற்றுவிடுகிறார்கள். நாமும் டிக் அடித்து முழு மார்க் போட்டுவிடுகிறோம்.

டொலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் கடைசியில் நான்காம் வகுப்பு வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து நிமிடக் கணக்கு எடுத்தார். வாசிப்புப் பாடம் நடந்த 4,469 நிமிடங்களில், புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக் கொடுக்கச் செலவானது 20 நிமிடம். மற்ற நேரத்தில் நிறைய கேள்வி கேட்பதிலும் பயிற்சித்தாள் எழுத வைப்பதிலும் போயிருந்தது. நம் பக்கம் யாரும் கடிகாரத்தோடு வந்து உட்காராதவரை நமக்கு நிம்மதி. கேள்வி கேட்பது சோதிப்பது. அடுப்புப் பக்கமே விடாமல் வளர்த்த பிள்ளையிடம் குழம்பு வைக்கச் சொல்லி, ருசி பார்த்து, ‘உப்புப் பத்தல’ என்று மார்க் குறைப்பது மாதிரிதான் அது. குழம்பு எப்படிக் கூடுகிறது என்று யாரும் காட்டவில்லையே.

காட்டவேண்டியது என்ன? நன்றாக வாசிக்கிற பெரியவர்களைக் கவனித்தால், அவர்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஓர் இடத்தில் நிற்கிறார்கள், முந்தின வரிக்குத் திரும்புகிறார்கள், நெற்றியைச் சுருக்குகிறார்கள். புரியவில்லை என்பது அவர்களுக்கு உடனே தெரிகிறது. பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது டீச்சர்!” என்று கோரஸாக வருகிறதே, அது பொய் இல்லை. எழுத்தெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது, அதுதான் புரிவது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது புரியாத இடத்தைப் பிடிக்க. மற்ற உத்தியெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு நாங்கள் வைத்திருக்கிற விளையாட்டின் பெயர் ‘ஒட்டாத வரி’. முதலில் நான் கொடுத்த பத்தி இது:

“கோடை வந்தது. ஊர்க்கிணறு வறண்டு அடிப்பாறை தெரிந்தது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள். பள்ளி விட்டதும் பையன்கள் ஊர்க்கிணற்றில் குதித்து இருட்டும்வரை நீச்சலடித்தார்கள். மறுநாள் லாரியில் தண்ணீர் வந்தது.”

வகுப்பே கணீரென்று வாசித்தது. புரிந்ததா என்றால் புரிந்ததாம். இதில் ஒரு வரி மற்றதோடு ஒட்டவில்லை, எது என்று கேட்டபிறகுதான் தலைகள் குனிந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் கேட்டாள்: “பாறை மேல குதிச்சா மண்டை ஒடையாதா டீச்சர்?” எல்லன் மார்க்மன் என்ற உளவியலாளர் 1979-இல் இதே மாதிரி ஒன்றைப் பிள்ளைகளிடம் செய்து பார்த்திருக்கிறார். கடலடியில் வெளிச்சமே கிடையாது என்று சொல்லிவிட்டு, அங்கே இருக்கிற மீன்கள் நிறத்தைப் பார்த்து இரையைக் கண்டுகொள்ளும் என்று சொல்கிற கட்டுரை அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலும் நிறையப் பேருக்கு உறுத்தவில்லை. ஆக இது கிராமத்துப் பிள்ளை, அரசுப் பள்ளிப் பிள்ளை என்கிற விவகாரம் இல்லை.

ஒட்டாத வரியையும் அது எந்த வரியோடு ஒட்டவில்லையோ அந்த வரியையும் ஆரம்பத்தில் கிட்டக் கிட்ட வைப்பேன். பழகப் பழக இரண்டுக்கும் நடுவில் தூரத்தைக் கூட்டுவேன். பத்தியின் தலையில் ஒன்று, வாலில் ஒன்று. கடைசியில் பிள்ளைகளையே எழுதச் சொல்வேன். அதுதான் உச்சம். “எங்க அப்பத்தாவுக்குப் பல்லே கிடையாது” என்று தொடங்கி, நாலு வரி தள்ளி அப்பத்தாவை முறுக்குக் கடிக்க வைத்தான் ஒருவன். மற்றவனை ஏமாற்ற வேண்டும் என்றால், அவன் எப்படி வாசிப்பான் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பயிற்சித்தாளும் இந்த யோசனையைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

இது பழகிய பிறகு பாடப்புத்தகத்துக்கு வருவோம். அங்கே எல்லா வரியும் ஒட்டும், ஆனால் எல்லாம் புரியாது. கையில் பென்சில். புரிந்த வரிக்கு ஒன்றும் போட வேண்டாம், இடறுகிற இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி, ‘அட!’ என்று தோன்றுகிற இடத்தில் ஆச்சரியக்குறி. நூலகப் புத்தகமாக இருந்தால் கிழித்த நாள்காட்டித் தாளைத் துண்டு துண்டாக்கி நடுவில் செருகச் சொல்லலாம். கேள்விக்குறியே இல்லாத பக்கத்தைக் காட்டினால் நான் பாராட்டுவதில்லை. “அப்ப நீ என்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையா?” என்பேன். கேள்விக்குறி போட்டவனுக்குத்தான் கைதட்டல். புரியவில்லை என்று சொல்வது அவமானம் இல்லை என்று எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாது. கைதட்டல் விழுந்தால் ஏறும்.

கூடவே நான் வாசிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வேன். சங்ககால வணிகம் பற்றிய பாடம், முசிறித் துறைமுகத்துக்கு யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று வருகிறது. அங்கே நிறுத்திச் சொல்வது இப்படி இருக்கும்: “யவனர்னா யாருன்னு தெரியலயே. சரி, விட்டுட்டு மேல பாக்கறேன். பொன்னோட வந்திருக்காங்க, மிளகோட போயிருக்காங்க. அப்ப குடுத்து வாங்கற ஆளுங்க, வியாபாரிங்க. துறைமுகம்னு இருக்கு, அப்ப கப்பல்ல வந்திருக்கணும். வெளிநாட்டு வியாபாரின்னு இப்போதைக்கு வெச்சுக்கறேன், தப்பா இருந்தா அடுத்த வரி சொல்லிடும்.” பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். டீச்சருக்கே ஒரு சொல் தெரியாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பின் வரிசையிலிருந்து ஒருவன், “மிளகுக்குப் போயி பொன்னா? மண்டியில ஏமாத்தியிருக்காங்க டீச்சர்” என்றான். அன்றைக்குப் பாடம் முழுக்க அந்தக் கேள்வியிலேயே போனது. நல்ல வகுப்பு.

இனி கொஞ்சம் தமிழுக்கே உரிய சிக்கல்கள். வாசிப்பு உத்திகள் பற்றிய பயிற்சிக் கட்டகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் பாடத்தை மனதில் வைத்துச் செய்தவை. ஊகி, கேள்வி கேள், சுருக்கு என்று இருக்கும். நம் பிள்ளை அதற்கு முன்னாலேயே, வாக்கியத்துக்குள் விழுந்துவிடுகிறது.

ஒன்று, தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் போகலாம். “முருகன் அண்ணனிடம் பணம் கேட்டான். கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே போனான். அம்மா கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.” யார் கொடுக்கவில்லை? யார் வெளியே போனது? நமக்கு இது கேள்வியாகவே படாது. வகுப்பில் கேட்டபோது வெளியே போனது அண்ணன் என்று பலர் சொன்னார்கள். கொடுக்காதவன் அண்ணன், அதனால் அடுத்ததும் அவனே என்று தொடர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இதற்கு நாங்கள் செய்வது ‘யாரு?’ விளையாட்டு. ஒவ்வொரு வினைமுற்றுக்கும் கீழே விரலை வைத்து “யாரு?” என்று கேட்க வேண்டும். பதில் வந்தால்தான் விரல் நகரும். இரண்டு பேருக்குள் வழக்கு வந்தால் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. வரியைக் காட்டி வாதாட வேண்டும். “கோபம் வர்றது பணம் கெடைக்காதவனுக்குத்தானே, குடுக்காதவனுக்கு எதுக்குக் கோவம் வருது?” என்று ஒருத்தி வாதாடியது இன்னும் நினைவிருக்கிறது. பெரிய கதைக்கு இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நாலைந்து வரிப் பத்திக்கு மட்டும்.

இரண்டு, வினை கடைசியில் வரும், அதற்கு முன்னால் எச்சங்கள் வரிசைகட்டி நிற்கும். “மழையில் நனைந்துவந்த மாணவனைக் கண்டித்த ஆசிரியரைப் பார்த்த தலைமையாசிரியர் சிரித்தார்.” இடமிருந்து வலமாகப் போகிற பிள்ளை, கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லைத் தொலைத்துவிடுகிறது. இங்கே வாலிலிருந்து வரச் சொல்வேன். சிரித்தார். யார்? தலைமையாசிரியர். எப்படிப்பட்ட தலைமையாசிரியர்? ஆசிரியரைப் பார்த்தவர். எந்த ஆசிரியர்? மாணவனைக் கண்டித்தவர். எந்த மாணவன்? நனைந்து வந்தவன். பிறகு அதையே நாலு சின்ன வாக்கியமாக உடைத்துச் சொல்ல வேண்டும். இலக்கணத்தில் பெயரெச்சம் என்று தனியாக ஒரு பாடம் நடத்துகிறோமே, அந்தப் பாடத்தை இப்படி வாசிப்போடு சேர்த்து நடத்தினால் இரண்டும் பிழைக்கும் என்பது என் கட்சி.

மூன்று, சேர்த்து எழுதும் சொற்கள். “வந்துகொண்டிருப்பதையறிந்து” என்பதை ஒரே மூச்சில் படிக்கிற பிள்ளைக்கு அதற்குள் ‘வந்து’ இருப்பதே தெரிவதில்லை. பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னால் போதும். ‘தண்ணீரின்றி வாடின’ என்பதைத் ‘தண்ணீர் இன்று வாடின’ என்று புரிந்துகொண்ட பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. இன்றி, அன்றி, எனினும், ஏனெனில், ஆயினும், மாறாக. இதெல்லாம் வீட்டுப் பேச்சில் வராத சொற்கள். ஆனால் பத்தி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வதே இவைதான். ஒரு சார்ட் தாளில் இடப்பக்கம் இவற்றையும் வலப்பக்கம் ‘இல்லாம’, ‘இருந்தாலும்’, ‘ஏன்னா’ என்று பேச்சையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ‘எனினும்’ வந்தால் வாசிப்பதை நிறுத்தி, அடுத்து வருவது முந்தினதற்கு எதிராக இருக்குமா, ஆதரவாக இருக்குமா என்று சொல்லவேண்டும். நிஜமான ஊகம் என்று நான் மதிப்பது இதைத்தான். அட்டைப்படத்தைக் காட்டி ‘கதை என்னவா இருக்கும்?’ என்று கேட்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. எல்லாப் பிள்ளையும் பேய் வரும் என்றுதான் சொல்கிறது.

இதோடு சேர்ந்த ஒன்று. வாசித்ததைச் சொல்லச் சொல்லும்போது பேச்சுத் தமிழில் சொல்லவிடுங்கள். “புத்தகத்துல இருக்கற மாதிரி வேண்டாம், உங்க அப்பத்தாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு” என்றால், ஊமை மாதிரி நின்றவன் கையை ஆட்டிக்கொண்டு சொல்வான். எழுத்து நடை அப்புறம் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் புத்தக வரிதான் திரும்பி வரும், அது புரிந்து வருகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வரியில் எழுதாததை வாசிக்க வைப்பது அடுத்தது. இதற்கு நான் எழுதி வைத்திருக்கிற பத்தி:

“மாரியம்மாள் விடியுமுன் எழுந்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலைக்கு வந்தாள். முதல் பஸ் போய்விட்டிருந்தது. வானத்தைப் பார்த்தாள். கூடைமேல் போட்டிருந்த ஈரச்சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.”

கூடையில் என்ன? இது பத்தியில் இல்லை. கீரை என்றார்கள், பூ என்றார்கள், வெற்றிலை என்றார்கள். எதுவும் தப்பில்லை, ஆனால் “எந்த வரி அப்படிச் சொல்ல வெச்சுது?” என்று கேட்பேன். ஈரச்சாக்கு. வெயில் ஏறினால் வாடுகிற ஏதோ ஒன்று. ஒருவன் மீன் என்றான். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை: “மீன் விக்கறவங்க காலைல டவுனுல இருந்து ஊருக்குள்ள வருவாங்க, இவங்க ஊருல இருந்து போறாங்கல்ல?” வானத்தை ஏன் பார்த்தாள் என்பதற்கு மழை வருமா என்று பார்க்க என்றார்கள் சிலர். மழைக்குச் சாக்கு இறுக்குவார்களா, வெயிலுக்கா என்று அதற்கும் ஒரு வழக்கு நடந்தது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கேள்விகளை வகை பிரிக்கவும் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கலாம். டேஃபி ராஃபேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980களில் இதற்கு ஒரு முறை கொண்டுவந்தார். விடை ஒரே வரியில் இருக்கிறதா, இரண்டு மூன்று இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டுமா, எழுத்தையும் என் அறிவையும் சேர்த்து யோசிக்க வேண்டுமா, முழுக்க என் தலையிலிருந்தே வரவேண்டுமா என்று நாலு வகை. நாங்கள் அதை ‘பாரு, பொறுக்கு, யோசி, நீயே சொல்லு’ என்று வைத்திருக்கிறோம். விடை எழுதுமுன் கேள்வி எந்த வகை என்று எழுத வேண்டும். பாடத்தின் கடைசியில் இருக்கிற மதிப்பீட்டுக் கேள்விகளுக்கு இதைச் செய்யச் சொன்னபோது, ‘யோசி’ கேள்விக்குப் பாட வரியைத் தேடித் தேடி அலுத்து அழுகிற பழக்கம் நின்றது. இதே கேள்விகளுக்கு விடை கொடுக்கிற கைடு இருக்கிற வீட்டில் இது செல்லாது. கைடை நான் தடுப்பதில்லை, தடுத்தாலும் நடக்காது. கைடில் இருக்கிற விடை எந்த வரியிலிருந்து வந்தது என்று அடிக்கோடிட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன்.

குழுவாகச் செய்வதற்கு பாலின்சர், பிரௌன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1984-இல் எழுதிய முறை இன்றைக்கும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியராகி, அடுத்து என்ன என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது என்று நாலு வேலை செய்ய வேண்டும். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வேலையையும் எழுதி அட்டையாக வைத்திருக்கிறேன். கேள்வி கேட்கிற அட்டைக்கு அடிதடி. தெளிவாக்குகிற அட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் “எல்லாம் தெரியும்” என்று கீழே வைத்துவிடுவார்கள். இப்போது அந்த அட்டையை வைத்திருப்பவர் ஒரு சந்தேகமாவது கிளப்பாமல் பத்தி நகராது என்று விதி. சுருக்குவது எல்லாவற்றையும்விடக் கடினம். கதையென்றால் யார், என்ன வேணும், என்ன தடை, என்ன செஞ்சாங்க, எப்படி முடிஞ்சுது என்று விரல் மடக்கலாம். அறிவியல் பத்திக்கு அது ஒத்துவராது. “இதை ஒரே வரியில போன்ல சொல்லணும், பேலன்ஸ் இல்ல” என்பேன். அவர்களுக்கு பேலன்ஸ் என்றால் என்னவென்று தெரியவில்லை. காலம் மாறிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று இருக்கிறது. எனக்கு இந்த உத்திகளைவிடப் பெரிதாகப் படுவது பிள்ளைக்கு அந்த விஷயம் தெரியுமா என்பதுதான். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றை வர்ணிக்கிற பத்தியைக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாக நினைவில் வைத்துச் சொன்னார்கள்.

என் வகுப்பில் இதைத் தினமும் பார்க்கலாம். திணறித் திணறி வாசிக்கிற ஒருவன், சந்தையில் ஏலம், தரகு, எடைக்குறைவு என்று வந்த பத்தியைக் கையில் கொடுத்ததும் எழுந்து நின்று வகுப்புக்கே விளக்கினான். அவன் அப்பா மண்டியில் மூட்டை இறக்குகிறவர். அடுத்த வாரம் தூத்துக்குடி உப்பளம் பற்றிய பத்தி. பாத்தி கட்டுகிறார்கள், உப்பு விளைகிறது என்று இருக்கிறது. நன்றாக வாசிக்கிற ஒருத்தி சந்தேகமே இல்லாத முகத்தோடு கேட்டாள்: “உப்புக்கு விதை எங்க டீச்சர் வாங்குவாங்க?” வெங்காயப் பாத்தியும் விளைச்சலும் தெரிந்த பிள்ளை, தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் வாசித்திருக்கிறது. எந்த உத்தியும் அங்கே உதவாது. ஒரு எவர்சில்வர் தட்டில் கல் உப்பைக் கரைத்து மாடியில் வைத்தோம். வெயிலில் தண்ணீர் வற்றி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்த பிறகு அதே பத்தியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். கேள்விக்குறிகளை அவளே அழித்துக்கொண்டு வந்தாள்.

அதனால் இப்போது உத்திகளுக்கு அளவாகத்தான் நேரம் கொடுக்கிறேன். பருவத்தின் தொடக்கத்தில் சில வாரம் நன்றாகப் பழக்கிவிட்டு, மற்ற நேரத்தை ஒரே பொருளைப் பற்றி நிறைய வாசிப்பதற்குக் கொடுக்கிறேன். உப்பு என்றால் உப்பு பற்றி நாலு விதமான பத்தி, ஒரு கதை, ஒரு செய்தித்தாள் துண்டு. முதலாவது கடினமாக இருக்கும், நாலாவது தானாக ஓடும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைபிரித்து வந்திருப்பது நல்ல உதவி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்து வகுப்பில் கொடுக்கத் தடையில்லை.

எழுத்தே கூட்ட முடியாத பிள்ளைக்கு இதையெல்லாம் செய்து பயனில்லை. யாருக்கு எது தடை என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டதும் புரிகிறது என்றால் தடை எழுத்தில். அவனுக்கு வாசிப்புப் பயிற்சி தனியாக வேண்டும், கூடவே நிறைய வாசித்துக் காட்டவும் வேண்டும். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் தடை மொழியிலோ விஷய அறிவிலோ இருக்கிறது. அவனை இன்னும் வேகமாக வாசிக்க வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் சொன்னது இதுதான்: வாசித்துப் புரிவது என்பது எழுத்தறிதலையும் மொழியைப் புரிந்துகொள்வதையும் பெருக்கி வருவது. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கிற பெற்றோருக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. படிக்கத் தெரியாத அம்மாவாலும் முடிகிற ஒன்று: “இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு” என்று கேட்டு, நடுவில் “எனக்குப் புரியல, மறுபடி சொல்லு” என்று இரண்டு தடவை நிறுத்துவது. நிஜமாகவே புரியாமல் கேட்டால் இன்னும் நல்லது.

‘பாடம் முடிக்கவே நேரமில்ல, இதுல இது வேறயா?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். தமிழ்ப் பாட நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. சமூக அறிவியல் பாடத்தையே இப்படி நடத்தினால் பாடமும் முடியும், வாசிப்பும் வரும். சிலநேரம் கணக்கில்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. “ஒரு வியாபாரியிடம் மொத்தம் 48 மாம்பழங்கள் உள்ளன. 6 கூடைகளில் சமமாக வைத்தால் ஒரு கூடையில் எத்தனை?” ‘மொத்தம்’ என்று பார்த்ததும் 48-ஐயும் 6-ஐயும் கூட்டி 54 என்று எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு சார் இப்போது எண்களை எழுதாமல் கணக்கைப் போடுகிறார். “ஒரு வியாபாரிகிட்ட கொஞ்சம் மாம்பழம் இருக்கு, சில கூடைகள்ல சமமா வெக்கணும்.” என்ன நடக்கிறது என்று படம் வரைந்து காட்டிய பிறகுதான் எண்ணைக் கொடுப்பார். முதல் நாள் அவர் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “அழுகினதைக் கழிச்சுட்டா சார், கழிக்காமயா?” என்று கேட்டிருக்கிறான். அந்தக் கேள்வியை சார் என்னிடம் வந்து சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு அதையே ஒரு கணக்காக எழுதிக்கொண்டு போனார்.